நீ தூங்கவில்லை, அண்ணே

என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த கருப்பையா அண்ணனுக்கு,

ஊர் கூடி உன்னைக் கேள்வி கேட்ட அன்றைக்குக் கண்மாய் மடையடியில் நின்ற ஒருவரையும் நான் மறக்கவில்லை. ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் அம்பலம். அய்யனார் கோயில் பூசாரி. அடுத்த வயல்காரன் முத்துவீரன், காய்ந்த பயிரை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். என் வீட்டுக்காரர். நடுவில் மடைக்காரன் நீ. உனக்குப் பின்னால் நான்.

மழை இல்லாத வருசம் அது. மடையடியில் நட்ட கம்பின் நிழல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போகும்வரை ஒரு வயலுக்குத் தண்ணீர். மேகம் வந்து நிழல் மறைந்தால் மடையை அடைத்துவிட வேண்டும், வெயில் வந்துதான் திறக்க வேண்டும். நம் தாத்தா காலத்திலிருந்து நம் வீடு காத்த ஊர்க் கட்டுப்பாடு.

என் வயலுக்குப் பாயும்போது மேகம் வந்தது. மாதக்கணக்காய் ஏங்கிய மேகம், ஒரு சொட்டு பெய்யவில்லை. நீ மடையை அடைக்கக் குனிந்தாய்.

"விடுண்ணே, கடைசிப் பாத்தி நனையட்டும்."

"கட்டு இருக்குல்ல, ஆத்தா."

"எம் பயிரு சாவுது. ஒனக்குக் கட்டுதான் பெருசா?"

நீ மடையை அடைக்காமல் நிமிர்ந்துவிட்டாய். மேகம் விலகியபோது நிழல் இரண்டு கல் தாண்டியிருந்தது. முத்துவீரனின் தண்ணீர் என் வயலில் நின்றது. கண்மாயில் மிச்சம் சேறுதான்.

அவன் பயிர் கருகிய பிறகு ஊர் கூடியது.

"ஏப்பா, மடையை அடைக்காம என்ன பண்ணுனே? யாரும் விடச் சொன்னாகளா?" என்று அம்பலம் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. அசந்து தூங்கிட்டேன்."

"பட்டப்பகல்ல தூங்குறவனுக்கு மடை எதுக்கு? ஒரு பாயைக் குடுத்து அனுப்புங்க!" என்றான் முத்துவீரன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மடை உரிமை போயிற்று. மறுநாள் காலையில் கோட்டைப்பட்டினத்துக்கு மீன்கூடை சுமக்கக் கிளம்பினாய். ஆலங்குடி ரோடு வரைக்கும் பின்னால் ஓடி வந்தேனே. "இப்பவே போய்ச் சொல்லிர்றேன்" என்று அழுதேன். என் கையை எடுத்து உன் தலைமேல் வைத்தாய்.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. நீ வாழப்போன எடம் அது. என்னைய என்ன பேசுனா என்ன?"

பண்ணினேன். உன் தலை வேர்வை என் உள்ளங்கையில் ஒட்டியது. ஏன் பண்ண வைத்தாய்?

நீ அங்கேயே செத்துப்போனதை ஆலங்குடிச் சந்தையில் மீன் விற்கும் கோட்டைப்பட்டினத்து பாய்தான் சொன்னார், அடக்கமெல்லாம் முடிந்த பிறகு. "கடைசி வரைக்கும் நெழலப் பாத்துத்தான் நேரஞ் சொல்லுவாரு, தாயி" என்றார்.

முத்துவீரன் வீட்டு வாசலை இத்தனை வருசமும் நான் மிதிக்கவில்லை. அவன் ஆத்தா செத்ததற்கும் போகவில்லை. ஆனால் அவன் பயிர் கருகியது பொய்யா, அண்ணே? அவனைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது?

இப்போது மடைக்கு இரும்புச் சக்கரம் வைத்துவிட்டார்கள். கம்பு இல்லை, கல்லும் இல்லை. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். உன்னைப் பற்றிப் பேச எனக்கு யாருமில்லை.

போன வாரம் பேத்தி அடுப்படியில் கண்ணயர்ந்து பால் பொங்கி வழிந்தது. "என்னடி, கருப்பையா தூக்கமா?" என்றாள் மருமகள். ஊரே அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கருப்பையா யார் என்று அவளுக்குத் தெரியாது, நான் சொன்னதுமில்லை.

உன் தலைமேல் செய்த சத்தியம். அந்தத் தலையே மண்ணுக்குள் போன பிறகு நான் யாரைக் காக்கிறேன்?

வருகிற வெள்ளிக்கிழமை அய்யனாருக்குப் பொங்கல். ஊர் கூடும். அதே மடையடியில் நின்று, விடச் சொன்னது நான்தான் என்று சொல்லப்போகிறேன். சத்தியத்தை உடைக்கிறேன், அண்ணே. கோபித்துக்கொள்.

அம்பலத்தை மன்னித்துவிட்டேன். சிரித்தவர்களையும், முத்துவீரனையும்கூட. உனக்குப் பின்னால் நின்றவளை மட்டும் மன்னிக்க முடியாது.

உன் தங்கச்சி,
அடைக்கம்மை