முன் பிரேக்கும் என் இடது செருப்பும்

ஜனவரி 5, ஞாயிறு

காய்ச்சல். லேக் மார்க்கெட்டுக்கு வீட்டுக்காரர் மட்டும் புல்லட்டில் போனார். நான் பின்னால் உட்காராமல் அந்த வண்டி டாக்குரியா பாலத்தைத் தாண்டினதே இல்லை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, காப்பித்தூள் சொல்லி அனுப்பினேன். வந்தது மூன்று காலிஃபிளவர். மூன்றும் நசுங்கினது.

பிரேக் பிடித்தும் நிற்காமல் காய்க்காரன் குவியலுக்குள்ளேயே போய்விட்டதாம். "தாது, பிரேக் நேய்?", பிரேக் இல்லையா தாத்தா என்று வங்காளத்தில் கேட்டானாம். இவருக்கு அதுதான் ஆறவில்லை. "என்னையப் போயி தாத்தாங்கறான்." எழுபத்திநாலு வயசு.

ஜனவரி 6

என் மகன் மகேஷ் வாயே திறக்க மாட்டான். இன்று இட்லித் தட்டின் முன்னால் திறந்தான். "அப்பா, அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள வண்டி ஒழுங்கா நின்னு காட்டணும். இல்லேன்னா சால்ட் லேக்ல ஒருத்தர் கேக்கறார், குடுத்துரலாம்."

அவர் பாதி இட்லியை விட்டு எழுந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "நாப்பது வருஷமா ஓட்டறேன், ஒரு நாள் இடிச்சிருக்கறனா?" என்றார்.

இல்லீங்க என்றேன். உண்மைதானே. ஏன் இடிக்கவில்லை என்று என் இடது செருப்பைக் கேட்டால் சொல்லும். சேலையோடு ஒரு பக்கமாக உட்காருகிறவள் நான். கால் நீளம். அவர் முன் பிரேக்கைப் பிடித்ததும் குதிகாலைத் தரையில் ஊன்றித் தேய்ப்பேன். வண்டி நிற்கும். "பாத்தியா கண்ட்ரோலு" என்பார். ஆமாங்க என்பேன். இடது செருப்பு மட்டும் குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து, அதைத் தைக்கிற சுபல் என்னை நொண்டி என்றே நினைத்திருக்கிறான்.

நான் இல்லாத முதல் நாளே காலிஃபிளவர்.

ஜனவரி 12, ஞாயிறு

பேத்தி அனன்யா முன் சக்கரத்தைக் கழற்றிக் கூடத்தில் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைதான், ஆனால் ஸ்பானர் பிடித்தால் பார்க்கணும். அஞ்சாங் கிளாஸோடு நின்றவள் நான், பதினாறாம் வாய்ப்பாட்டை இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன். அந்த மூளைதான் இவளுக்கு. நடுவில் மகேஷிடம் தங்காமல் வந்திருக்கிறது.

உள்ளே ரெண்டு பிரேக் கட்டை. "சக்கரம் சுத்தறப்ப ஒரு கட்டையை அதுவே இழுத்து அழுத்திக்கும் அப்பத்தா. இன்னொண்ணு சும்மா உரசிட்டு இருக்கும்" என்றாள்.

"உங்கப்பாரு மாதிரியா?"

சிரித்தாள். தாத்தாவைத்தான் அவள் அப்பாரு என்பாள். கட்டைகளைத் தாங்குகிற மூடியை மாற்றி அமைத்தால் ரெண்டு கட்டையும் வேலை செய்யுமாம். அவர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"செஞ்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? ஒரிஜினல்ல கை வெச்சா வண்டிக்கு மதிப்பே போயிரும்."

"வித்தாத்தானே அப்பாரு மதிப்பு?"

பேச்சு நின்றது. அது மட்டும் பிரேக் இல்லாமலே.

ஜனவரி 14

பொங்கல். பானைக்கு மஞ்சள் கட்டும்போது கூடத்தில் கிடந்த சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

ஜனவரி 25

பெஹாலாவில் பிரிட்டோ பட்டறை. தூத்துக்குடிக்காரர், வாய் நிறையத் தமிழ். பழைய மூடியில் புதுசாக ஒரு துளை போட்டு, ரெண்டு கட்டைக்கும் தனித்தனியாகத் தள்ளிவிடுகிற குமிழ் வைத்து, வெளியே ஒரு கம்பியால் சேர்க்கணுமாம். துளை இறங்க இறங்க இவர் ஸ்ஸ் ஸ்ஸ் என்று கையைப் பிசைகிறார். மகேஷ் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பான் போடப் போனவர்.

பிப்ரவரி 3

சரஸ்வதி பூஜை, இந்த ஊரில் தை மாசம்தான். எங்கள் தெருவின் பாராப் பந்தலில் எல்லாரும் புத்தகம் வைத்தார்கள். அனன்யா அந்த மூடியை வைத்தாள். பூஜை செய்கிற பட்டாச்சார்ஜி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதன் மேலும் ஒரு பூ போட்டார். நல்ல மனுஷன்.

பிப்ரவரி 8, சனி

பரீட்சை. மகேஷ் சந்தில் சாக்பீஸால் கோடு போட்டான். நான் ஏறப் போனேன். "நீங்க வேண்டாம்மா, அப்பா தனியா ஓட்டட்டும்."

நான் இல்லாமல் இன்னொரு தடவையா? வீட்டு வாசலில் நின்றே இடது குதிகாலை ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன்.

வந்தார். பிடித்தார். கோட்டுக்கு ரெண்டு முழம் முன்னாலேயே வண்டி மூக்கு குனிந்து நின்றது. மகேஷ் "சரி" என்றான். அவன் சரி என்றால் அது பெரிய விழா. சால்ட் லேக்காரருக்கு இல்லை என்று போன் போய்விட்டது.

சந்தோஷம்தான். ஆனால் இனிமேல் என் கால் எதற்கு? சும்மா தொங்குவதற்கா?

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுத்து கோணுது, பரவாயில்ல.

லேக் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது டாக்குரியா பாலத்து ஏற்றத்தில் நெரிசல். நின்றோம். அவர் ரெண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். மனுஷன் குள்ளம், பின் பிரேக்கை மிதிக்க ஒரு காலை எடுத்தால் வண்டியோடு சாய்ந்துவிடுவார். பின்னால் மினி பஸ்.

வண்டி மெதுவாகப் பின்னால் நழுவுது.

"ஏனுங்க, பிரேக்."

"புடிச்சுத்தான் இருக்கறேன்."

நழுவுது. பஸ் கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறான். நான் குதித்தேன். பின் கம்பியில் தோளைக் கொடுத்து, ரெண்டு கால் விரலையும் ரோட்டில் ஊன்றினேன். நின்றது. "ஆஸ்தே, மாஷிமா, ஆஸ்தே" என்கிறான் கண்டக்டர், மெதுவாம்மா என்று. மெதுவா என்னத்த, என் முதுகுக்கும் அவன் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முருங்கைக்காய் போகாது.

வழி விட்டதும் இவர் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என்னை விட்டுவிட்டு. பாலம் இறங்கி, ஏதோ கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றுதான் திரும்பிப் பார்த்தாராம்.

பிப்ரவரி 10

அனன்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரெண்டு கட்டையையும் முன்னால் ஓடுவதற்கென்றே திருப்பி வைத்தாயிற்று. பின்னால் உருண்டால் ரெண்டுமே இழுத்துப் பிடிக்காதாம். "பழையதுல ஒண்ணாச்சும் பிடிச்சிருக்கும் அப்பத்தா."

"மேட்டுல பின் பிரேக்கை மிதிங்க அப்பாரு" என்றாள் அவரிடம். "எனக்குத் தெரியாதா" என்றார். கால் எட்டாததைச் சொல்வாரா?

மகேஷ் கேட்டான்: "பிரேக் எப்படிம்மா இருக்கு?"

"முன்னால போறப்ப ரொம்ப நல்லா இருக்குடா."

பிப்ரவரி 15, சனி

செருப்பு தைக்கக் கொடுத்தேன். இந்தத் தடவை விரல் பக்கம் பிய்ந்திருக்கிறது, அதுவும் ரெண்டு காலிலும். சுபல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தான். நோய் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்தால் என் தலையணை மேல் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே கறுப்புக் கேன்வாஸ் ஷூ. கெட்டியான ரப்பர் அடி, பல்லுப் பல்லாக, டயர் மாதிரி. போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இவர் எனக்கு ஒரு செருப்பு வாங்கித் தந்ததில்லை, அளவு எப்படித் தெரியும்? இடது அடியில் மட்டும், குதிகாலில், கூடுதலாக ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது.

அவர் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்கு அந்தப் பாலத்து வழி வேண்டாங்க" என்றேன்.

"ஏன்?" என்றார். "அதான் வாங்கியாச்சே."