பாயை எரித்த ஞாயிறு

1969 மே 9, வெள்ளி

காலை எட்டு மணிக்கே கொல்லை மணலில் கால் வைக்க முடியவில்லை. மேல்காற்று, அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்பு ரெஜிஸ்டர். நைனா சட்டைக்குக் காஜா. நூலகப் புத்தகம் இரண்டு, கும்மிடிப்பூண்டி போகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப.

எதிர்வீட்டு சரோஜா அக்காவின் மகள் செல்விக்கு அம்மை இறங்கிவிட்டது. இன்று இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஆறு வயதில் என்ன பொறுமை அந்தக் குழந்தைக்கு. பதினைந்து நாள் வேப்பிலை மேலேயே படுத்திருந்தாள். முகத்தில் பொருக்கு உதிர ஆரம்பித்திருக்கிறது. வாசலில் நின்று பேசிவிட்டு வந்தேன். அக்காவின் புருஷன் லாரியில் போனவர், விஜயவாடாவோ எங்கேயோ. தனியாகவே பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு மூன்றாம் தண்ணீர். அதன்பிறகு படுத்த பாய், துணி, வேப்பிலை எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தெருக்கோடி வேப்பமரத்தடியில் போட்டுவிடுவது இங்கே வழக்கம். ஆத்தா அந்த வழியாகத்தான் போகிறாளாம். பெரியவர்கள் தொடமாட்டார்கள். ஆனால் போன வருஷம் அப்படிக் கிடந்த ஒரு பாயைப் பிள்ளைகள் வண்டியாக இழுத்து விளையாடியதைப் பார்த்தேன். அந்தப் பொருக்கில்தான் நோய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று படித்திருக்கிறேன்.

எரித்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஆத்தாவ நெருப்புல போடறதா? இன்னா பேச்சு பேசற நீ."

"ஆத்தா போனப்புறம்தானேக்கா. அது வெறும் பாய்."

"படிச்ச பொண்ணு நீ. உனக்கு எல்லாம் வெறும் பாய்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

மூன்றாம் தண்ணீர் ஆயிற்று. செல்வி தெருவில் நடந்தாள். கால் பின்னுகிறது.

மாலை ஐந்துக்கு நானும் ச. அக்காவும் மூட்டையை வேப்பமரத்தடிக்கு எடுத்துப்போனோம். அந்த மரத்தை ஒட்டித்தான் சவுக்குத்தோப்பு ஆரம்பம். தீப்பெட்டி எங்கள் வீட்டுடையது. மண்ணெண்ணெய் கொஞ்சம். கோரைப்பாய், நன்றாகப் பிடித்தது. கடல்காற்று வீசியதால் புகை எங்கள் முகத்திலேயே அடித்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடங்கியதும் காலாலேயே மணலைத் தள்ளி மூடினேன். போதும் என்று தோன்றியது.

யாரிடமும் சொல்லவேண்டாம் என்றாள் அக்கா. "சொன்னா இந்தத் தெரு என்னை வாழ வுடாது."

மே 12, திங்கள்

காலை 10. தோப்பில் புகை. கரிக்கார ஏகாம்பரம் மூட்டம் போட்டிருப்பான் என்கிறாள் அம்மா. இல்லை, இது வேறு இடம்

மே 13, செவ்வாய்

நேற்று அந்த வரியோடு எழுந்து போனேன். பேனா மூடியைக் காணோம்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் நம்ப முடிகிறதா பார்க்கலாம்.

வெட்டிய சவுக்கின் வேர்க்கட்டையைத் தோண்டி, மண் மூடி, மூன்று நாள் புகைய விட்டுக் கரியாக்கி விற்கிறவன் ஏகாம்பரம். தோப்புக்குள் வடகிழக்கே தள்ளி அவன் குடிசை, மூட்டம். அதனால் தோப்பில் புகை என்றால் யாரும் எழுந்திருப்பதில்லை. நேற்றும் அப்படித்தான். மேல்காற்று நெருப்பைக் கிழக்கே, ஏரிப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. நம்மை விட்டுப் போகிறது என்று தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. தெருவுக்குப் பெரியதனக்காரரான கோவிந்தன் மாமா மோர் குடித்துக்கொண்டு, "போற நெருப்ப இன்னாத்துக்குடா போயி இழுக்கணும்" என்றார். நானும் நின்றேன். புகை எழுந்தது வேப்பமரத்தடிப் பக்கம் என்பதை அதற்குள் பார்த்துவிட்டேன். ஆனாலும் நின்றேன்.

தோப்புக்குள்ளிருந்து ஓடிவந்தவன் ஏகாம்பரம் ஒருவன்தான். அவன் குடிசை அதற்குள் போய்விட்டது. தோளில் மம்மட்டி.

"ரெண்டு மணிக்குக் கடக்காத்து வரும். அப்ப திரும்பும். இப்பவே சருக வாருங்க."

"உன் மூட்டத்த பாத்துக்கினு போடா" என்றார் மாமா.

சவுக்குச் சருகு ஒரு முழம் கனத்துக்குக் கிடக்கிறது, எங்கள் கொல்லை வேலி வரைக்கும். அவன் தனியாக வாரத் தொடங்கினான். பிறகு நைனா போனார். பிறகு நாலைந்து பேர்.

இரண்டேகால் இருக்கும். சித்திரை முழுக்க எதற்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்போமோ அது வந்தது. அம்மா பழக்கத்தில், "அப்பாடா, காத்து வந்துச்சி" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தை எதனோடும் ஒப்பிடத் தெரியவில்லை. இத்தனை படித்தும். சவுக்கின் உச்சியில் நெருப்பு நடந்துவந்தது.

அவரவர் வெளியே எடுத்து வந்தவை: அம்மா, ஊறுகாய் ஜாடி. ச. அக்கா, செல்வியும் தையல் மெஷினின் தலையும். கோவிந்தன் மாமா, கடிகாரம். நான், புத்தகப் பெட்டி. பெட்டியை ரோட்டில் வைத்த பிறகுதான் மாட்டை அவிழ்க்கவில்லை என்பது நினைவு வந்தது. நைனா அவிழ்த்திருந்தார்.

எல்லோரும் குடம் குடமாகத் தண்ணீரைக் கூரைமேல் வீசினார்கள். ஏகாம்பரம் கத்தினான்: "தண்ணிய வுடுங்க. கீத்தப் பிரிங்க. மண்ணக் காட்டுங்க. மண்ணப் பாத்தா நின்னுடும்." ச. அக்கா வீட்டு மேல் ஏறி, மம்மட்டியால் கட்டுகளை அறுத்துக் கீற்றைத் தெருப்பக்கம் உருட்டிவிட்டவன் அவன். சுவர் தப்பியது. நைனாவுக்கு மம்மட்டியைக் கொடுத்துவிட்டுக் கைகளால் வாரினான். பிறகு மம்மட்டி என் கையில் இருந்தது. எப்படி வந்தது தெரியவில்லை. வேலியோரம் வெட்டினேன். சூட்டுக்கு ஒரு தரம் கீழே போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து எடுத்தபோது காம்பு புகைந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி மணலில் சிக்கி வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தது புகைதான்.

எதிர்ச் சாரியில் ஏழு கீற்று வீடு. பொறி பறந்து விழுந்தது. நான்கு இல்லை. காமாட்சி வீட்டு ஆடு இரண்டும் கட்டிய கயிற்றோடு. மனிதர் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் வீடு ஓட்டு வீடு. நெருப்பு வேலியோடு நின்றுவிட்டது. சுண்ணாம்புகூடக் கறுக்கவில்லை.

ச. அக்காவும் செல்வியும் எங்களோடு. மம்மட்டி எங்கள் கொல்லையில் கிடக்கிறது.

பிற்பகல். இதையும் எழுதவேண்டும். சற்றுமுன் கோவிந்தன் மாமா ஏகாம்பரத்தை அறைந்தார். பள்ளிக்கூட வாசலில், எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில். எரிந்த நான்கில் ஒன்று மாமாவின் தம்பி வீடு. மாமா ஆரம்பித்ததும் இன்னும் மூன்று பேர். அவன் கையிலிருந்த கஞ்சி கொட்டியது. உதடு கிழிந்தது.

"மூட்டத்த வுட்டுட்டு எங்கடா போன?"

"என் மூட்டம் மூடினபடிக்கே கீது, வந்து பாருங்க. காலைல மேல்காத்து. என்னண்ட புடிச்சிருந்தா ஏரிப்பக்கம் போயிருக்கும். வேப்பமரத்தண்ட எப்டி எரியும்? அங்கதான் மொதல்ல புடிச்சிக்கீது."

"எங்களுக்குக் காத்து சொல்லித் தர்றான்" என்று யாரோ சொல்ல, அவ்வளவு துக்கத்திலும் சிலர் சிரித்தார்கள்.

நான் கஞ்சிக் கரண்டியோடு நின்றேன்.

மே 14, புதன்

காற்றே இல்லை. எல்லாவற்றிலும் புகை நாற்றம். தலையணை, சோறு, இந்த நோட்டு.

காலையில் வேப்பமரத்தடிக்குப் போனேன். மரம் ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கிறது. நான் மணல் தள்ளிய இடம் தெரிகிறது. மேடு பிளந்து, அதிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கிழக்கே போகிறது. மணலுக்கு அடியில் சருகு இருந்திருக்கிறது. இரவெல்லாம் அது அடியிலேயே கனன்றிருக்கிறது. கரிக்காரனின் மூட்டம்போலவே நானும் ஒரு மூட்டம் போட்டிருக்கிறேன், தெரியாமல். சாம்பலில் செல்வியின் பாவாடை ஊக்கு. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எதற்கு எடுத்தேன்? மறைக்கவா, காட்டவா?

மத்தியானம் அம்மா குழம்பு கிண்டிக்கொண்டிருக்கும்போது செல்வி: "அக்கா, என் பாய எரிச்சீங்களே, அப்பகூட இப்டித்தான் நாறிச்சி." வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அம்மாவின் கரண்டி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி கிண்டினாள்.

ச. அக்காவைக் கிணற்றடியில் பிடித்தேன்.

"நாளைக்குத் தோப்புக்காரர் வர்றாராம். ஏகாம்பரம் மேல எழுதிக் குடுப்பாராம், போலீஸ்ல."

"தெரியும்."

"நம்ம சொல்லிடலாம்க்கா."

"இன்னான்னு சொல்லுவ? ஆத்தாவ எரிச்சா, அதான் ஆத்தா நாலு ஊட்ட எரிச்சிட்டான்னு எல்லாருமா சேர்ந்து என்னைத் தொரத்துவாங்க. நீ ஓட்டு ஊட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்குவ."

"நீங்க அப்படித்தான் நினைக்கறீங்களாக்கா? ஆத்தான்னு?"

வாளியை இறக்கினாள். "நான் வேற இன்னா நெனைக்கறது" என்றாள்.

நைனாவிடம் சொன்னேன். அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் வேலை பூடும். யோசிச்சிக்கோ" என்று மட்டும். தடுக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஒரு பொய்யும் ஒரு உண்மையும் சேர்ந்தால் சமாளிக்கலாம். நான் மட்டும் எரித்தேன் என்று சொல்வது. அக்காவுக்குத் தெரியாது.

மே 15, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூட வராந்தா. தோப்புக்காரர் காரில் வந்திருந்தார். எழுதிய காகிதம் கையில். ஏகாம்பரம் கீழே, மணலில் குந்தியிருந்தார். உதடு வீங்கி, ஒரு கண் மூடிக்கிடந்தது. தெரு முழுக்க அங்கே.

நான் போய், "நெருப்பு வெச்சது நான்" என்றேன். பாய், மண்ணெண்ணெய், மணல், ஊக்கு. எல்லாம் சொன்னேன். அக்காவுக்குத் தெரியாமல் அவள் போட்டிருந்த மூட்டையை நானே எரித்தேன் என்றேன். கூட்டத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடி விழும் என்று நினைத்தேன். உண்மையாகவே, கன்னத்தை அதற்குத் தயாராக வைத்திருந்தேன்.

நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

தோப்புக்காரர் நைனாவிடம்: "உங்க பொண்ணா? டீச்சர் வேலை பார்க்குதா? நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கு." காகிதத்தை நாலாக மடித்து ஜேபியில் வைத்தார். வெயில் காலம், யாரை என்ன சொல்வது என்றார்.

கோவிந்தன் மாமா: "மண்ணு போட்டு மூடினே இல்ல? அப்பால இன்னா. ஒரு வெள்ளிக்கெழம கூழ் ஊத்திட்டா ஆத்தா மனசு ஆறிடும். அழாத."

நான் அழவில்லை.

வீடு எரிந்த காமாட்சி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாலு வீடு, இரண்டு ஆடு. ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. எந்த நெருப்புக்காக ஒரு மனிதனின் உதடு கிழிந்ததோ அதே நெருப்பு.

அப்போது கீழேயிருந்து, ஏகாம்பரம்: "மூணு நாளா நானும் அதத்தான் சொல்லிக்கினு கீறேன். வேப்பமரத்தண்டன்னு."

காதில் விழாததுபோல் கூழுக்குக் கேழ்வரகு யார் வீட்டில் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் எழுந்து, பின்பக்க மணலைத் தட்டிக்கொண்டு, எரிந்த தோப்புக்குள் நடந்துபோனார். எங்கே போவார்? அங்கே என்ன இருக்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்தேனா, இல்லையா? உட்கார்ந்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு.

முன் பக்கங்களைப் புரட்டினேன். 'அவன்', 'அவன்' என்றே எழுதியிருக்கிறேன். நைனாவைவிட வயதில் மூத்தவர்.

மே 16, வெள்ளி

மேகம். மழை இல்லை.

ச. அக்கா வீட்டுக்குப் புதுக் கீற்று வந்தது. தெருவே கூடி வேய்கிறது. அக்கா என்னோடு பேசுகிறாள், சோறு எடுத்துப்போடுகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

காலையில் மம்மட்டியைக் கழுவினேன். இரும்பு இலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். காம்பைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதிக்கு மேல் கரி. நான் கீழே போட்டு ஓடியபோது பிடித்தது.

தோப்புக்குள் நடந்தேன். கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் எழும்பியது. நாலு கருகின கட்டையை நட்டு, மேலே கோணிப்பை கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மூட்டம், மண் கலையாமல், மூடியபடியே.

என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன். நேற்று முழுக்க மனத்துக்குள் எழுதிப் பார்த்த வாக்கியங்கள். இரண்டு கையாலும் மம்மட்டியை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். இலையைப் பார்க்கவில்லை. காம்பைக் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்தினார். கறுப்பாக உதிர்ந்தது.

"காம்பு பூட்ச்சி" என்றார்.