கையெழுத்து வாங்காமல் வந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. என் மேல் கோபமாகத்தான் இருப்பாய். இருந்தாலும் இதைக் கிழித்துப் போடாமல் படி.

போர்க் கதைகள் எழுதுகிறாரே, என் எழுத்தாளர், அவர் சனிக்கிழமை நம் ஊர் நூலகத்துக்கு வந்திருந்தார். என் பைத்தியம் உனக்குத் தெரியாததா? அவருடைய ஏழு புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்ததும், "நேர்ல பார்த்த மாதிரி எழுதறீங்களே சார், எத்தனை வருஷம் போர்ல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் போனதே இல்லம்மா. போய்ட்டு வந்தவங்க பக்கத்துல உட்கார்ந்து, குறுக்கே பேசாம கேட்டேன். அவ்வளவுதான்," என்றார்.

எனக்கு உன் ஞாபகம் வந்தது.

போர்முனையிலிருந்து திரும்பியபின் நீ அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாய். சாப்பிட்டுக்கொண்டே, "குண்டு விழுந்தா சத்தம் கேக்காதுக்கா. வாயில மண்ணுதான் முதல்ல தெரியும்," என்றாய். நான் என்ன சொன்னேன்? "போடா, புத்தகத்துல அப்படி இல்லையே!" அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்தும் காட்டினேன். நீ லேசாகச் சிரித்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டாய். நானும் அதற்கப்புறம் கேட்கவில்லை. அடுத்த புத்தகத்தைப் பிரித்துவிட்டேன்.

அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். வேண்டாம் சார் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் உன் அறைக்கு வருகிறேன். நீ எதையும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கதவை மட்டும் திறடா.

உன் அக்கா