நிற்கும் வண்டியின் ஈரம்

பதிவு 611
2061 ஆகஸ்ட் 3, காலை 6.40

கரடிப்பாறை வானிலை நிலையம். பேசுவது ஒச்சப்பன், வயது எழுபத்தொன்று, வண்டியோட்டி. நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது. எழுத்து அதனுடையது, சொல் என்னுடையது. கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

வெப்பம் பதினொன்று. ஈரம் நூற்றுக்கு நூறு. பூமியைக் குளிர்விக்க வானத்தில் தூவிய மருந்து, மூட்டமாகத் திரண்டு மலைமேல் உட்கார்ந்து மூன்று ஆண்டு ஆகிறது. முகமூடி தீர்ந்துவிட்டது. வெறும் முகத்தோடு அரை மணி நேரம் வெளியே நின்றால் நெஞ்சு வெந்துபோகும்.

பேட்டரி வண்டிகள் முதல் மழைக்காலத்திலேயே செத்தன. மிச்சம் ஒரே ஒரு டீசல் வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, கக்கூஸ், காற்றை வடிகட்டும் கூடு, எல்லாம் உண்டு. இங்கே வந்ததிலிருந்து மொத்தமாக நாற்பது கிலோமீட்டர் ஓடியிருக்கும். டாங்கில் பதினாறு லிட்டர்.

பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி ஊதுமலைக் கோபுரத்தில் டாக்டர் ஜெசிந்தா தனியாக இருக்கிறார். மேகத்தை அளக்கிற படிப்பு. போன மாதம் ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு போய்விட்டது. நடுவில் மண்சரிவு. ஆளில்லாத புல்டோசர் ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. 19-ஆம் தேதி பாதை திறக்கும். அவரை ஏற்றிக்கொண்டு இன்னும் பதினொரு கிலோமீட்டர் ஏறினால் மேகத்துக்கு மேலே சிகரம். அங்கே விமானம் இறங்கும். கணக்குக்குப் பதினாலு லிட்டர் வேண்டும்.

தினமும் காலையில் இன்ஜினைப் பத்து நிமிடம் போடுகிறேன். வண்டி மறந்துபோகாமல் இருக்க. வயர்லெஸ்ஸை பானட் பக்கம் பிடித்துக்கொள்வேன்.

“அண்ணாச்சி, ஒம்ம ஆளு எந்திச்சாச்சா?”

“எந்திரிச்சாச்சு டாக்டரம்மா. இந்தா கேளுங்க.”

“ஏ யப்பா! எங்க தூத்துக்குடி மீன்பிடி லாஞ்சு மாதிரில்லா உறுமுது. இது போதும் அண்ணாச்சி. இன்னைக்குக் கஞ்சி எறங்கிரும்.”

பதிவு 615
ஆகஸ்ட் 7, காலை 7.15

ஓடைத் தண்ணீர் சுற்றும் விசையில் மின்சாரம் சரி. வண்டி பேட்டரி சரி. புகை வெள்ளையாக வருகிறது. குளிருக்கு அப்படித்தான் வரும்.

டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல். அரிசி நான்கு நாளைக்குத்தான் என்றார். இங்கே ஒரு மூட்டை இருக்கிறது.

“பேசாம நாலு வளைவு வரைக்கும் ஓட்டிட்டு வாருமே, வண்டிக்குக் காலு வலிக்காதா?”

“டீசலு பத்தாதுத்தா. நிக்க வச்சு மேச்சாப் போதும்.”

“முப்பத்திநாலு வருசம் லாரி ஓட்டுன ஆளு. ஒமக்குச் சொல்ல நான் யாரு?”

பதிவு 617
ஆகஸ்ட் 9, காலை 7.50

ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் வெண்ணெய் அப்பியதுபோல் வெள்ளைப் பசை. அளவுக் கம்பியை இழுத்தேன். ஆயில் கறுப்பாக இல்லை. பால் விட்ட காப்பி நிறம்.

தண்ணீர்.

2020, சித்திரை. ஊரடங்கு. முதலாளி காசிமாயன் வீட்டு முன்னால் இரண்டு லாரி நின்றன. ஒன்றில் டாங்க் தளும்பத் தளும்ப டீசல். அதைப் பூட்டியே போட்டார். இன்னொன்றில் கால் டாங்க். செல்லமான வண்டி. தினமும் காலையில் பத்து நிமிடம் போட்டு அணைத்தார். அறுபத்தெட்டாம் நாள் பூட்டிய வண்டி ஓடியது. செல்ல வண்டியின் இன்ஜின் இறுகிப்போனது. மெக்கானிக் சொன்னார்: சூடு ஏறாத இன்ஜின் மூடி போட்ட சோற்றுப்பானை. ஆவி வெளியே போகாது, உள்ளேயே வடியும். பாரம் இழுத்து ஒரு மணி நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் கருகும். காலி டாங்கும் அப்படித்தான், உள்சுவர் வேர்த்து வேர்த்து அடியில் தண்ணீர் தங்கும்.

நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். முதலாளியின் சட்டை நிறம்கூட நினைவிருக்கிறது. கிளிப்பச்சை. அவர் செய்ததை நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. எனக்கு ஓடுகிற வண்டி தெரியும். நிற்கிற வண்டியோடு நான் வாழ்ந்ததில்லை.

ஒரு மணி நேரம் ஓட்டி ஈரத்தைக் கருக்கலாம். அப்புறம் சிகரத்துக்கு டீசல் இருக்காது.

பதிவு 618
ஆகஸ்ட் 10, பகல் 2.00

டாங்கின் அடித்திருகைத் திறந்தேன். முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர். அப்புறம் பாசி மாதிரிக் கறுப்புச் சளி. அப்புறம்தான் டீசல். அளந்து ஊற்றினேன். பதிமூன்றரை லிட்டர். கணக்குக்கு அரை லிட்டர் குறைவு, பார்த்துக்கொள்ளலாம்.

ஆயிலை வடித்து, வண்டி அடுப்பிலேயே பெரிய சட்டியில் வைத்துச் சுட வைத்தேன். கடுகு போலப் படபடவென்று வெடித்தது. வெடிப்பது தண்ணீர் போகிற சத்தம். மூன்று சட்டி முடிந்ததும் எரிவாயு தீர்ந்தது. நாலாவது சட்டி அரைகுறை. திரும்ப ஊற்றிவிட்டேன். மாற்று ஆயில் கிடையாது.

இனி 19 வரை சாவியைத் தொடமாட்டேன்.

பதிவு 619
ஆகஸ்ட் 11, காலை 6.45

“அண்ணாச்சி, சத்தத்தக் காணோமே?”

“இன்னைக்கு வேணாம் டாக்டரம்மா. வண்டிக்கு ஓய்வு.”

“ஓய்வா? நானே படுத்துல்லா கெடக்கேன், அதுக்கென்ன ஓய்வு? அண்ணாச்சி, ஒம்ம வண்டி சத்தம் கேட்டாத்தான் நான் கண்ணத் தொறக்கேன். இல்லன்னா எதுக்கு?”

இந்தப் பெட்டி பேச்சை மட்டும் பிடிப்பதில்லை, சுற்றுச் சத்தத்தையும் பிடித்து வைக்கிறது. 3-ஆம் தேதியின் இன்ஜின் சத்தத்தைப் போடச் சொன்னேன். போட்டது. வயர்லெஸ்ஸைப் பக்கத்தில் வைத்தேன்.

“ஆங். எந்திச்சிட்டான்.”

பதிவு 625
ஆகஸ்ட் 17, காலை 7.00

ஏழு நாளாக அதே சத்தம். அவருக்கு அரிசி தீர்ந்து ஆறு நாள். தண்ணீர் மட்டும். சிரிப்பு வருகிறது, ஆனால் சொல் குழறுகிறது. நேற்று என்னைத் தன் அப்பா என்று நினைத்து வலை காய்ந்துவிட்டதா என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன்.

ஆயில் மூடியைத் திறந்தேன். மறுபடி வெள்ளை. கொஞ்சம்தான். கொஞ்சம்தான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

பதிவு 627
ஆகஸ்ட் 19, காலை 9.10

8.30-க்குப் புல்டோசர் சமிக்ஞை வந்தது. பாதை திறந்துவிட்டது.

அரிசி, மருந்து, கம்பளி ஏற்றினேன். சாவி. முதல் திருகு, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவதில் பிடித்தது. நாற்பது எண்ணும்வரை ஓடியது. டாங்க் ஒன்பது நாளில் மறுபடி வேர்த்திருக்கிறது போல. வெள்ளைப் புகை. ஒரு தட்டு. இரண்டு தட்டு. அப்புறம் இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம்.

இறுகிவிட்டது. கடப்பாரை கொடுத்து நெம்பினேன். அசையவில்லை.

9.55

நடந்து பார்த்தேன். வாயில் ஈரத்துணி. இரண்டாவது வளைவுகூடத் தாண்டவில்லை. துணி சிவப்பு. தவழ்ந்து திரும்பினேன். இவ்வளவு தூரம் தவழ்ந்தவன் அந்தப் பக்கம் தவழ்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பதினெட்டரை கிலோமீட்டர்.

10.20

“அண்ணாச்சி... ரோடு தொறந்தாச்சாமே. கம்ப்யூட்டர் சொல்லுது. கெளம்பிட்டீரா?”

பெட்டியிடம் சொன்னேன். 3-ஆம் தேதிச் சத்தம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிறுத்தாதே.

“கெளம்பிட்டேன்த்தா.”

11.40

ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறேன். பாதை மனப்பாடம். ஒவ்வொரு வளைவாகச் சொல்கிறேன்.

“ஏழாம் வளவு. ஆனைப்பள்ளம்.”

“பாத்து... வழுக்கும்.”

“எனக்கா சொல்றீக?”

“ஒமக்குத்தான். கெழவனுக்கு வேகத்தப் பாரு.”

1.05

இருமல் நிற்கவில்லை. பள்ளத்தில் இறங்கியதால் வண்டி குலுங்குகிறது என்றேன். பதினாலாம் வளைவு. பதினைந்து. பதில் வர நேரமாகிறது. மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். நான் போய்ச் சேரும் முன்னால் அவர் போய்விட்டால் நல்லது என்று நினைக்கிறேன். இதையும் எழுது.

2.30

சொல்ல வளைவு இல்லை. எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. நேர்ச்சாலை என்றேன். நேர்ச்சாலை, நேர்ச்சாலை

2.50

“அண்ணாச்சி.”

“சொல்லுத்தா.”

“லைட்டு தெரியுது.”

நான் விளக்கே போடவில்லை.

“கதவுக்குத் தாப்பா போடல... தள்ளிட்டு வாரும்.”

“வந்துட்டேன்.”

2.58

வந்து சேர்ந்த வண்டியை அணைக்க வேண்டும். அணைத்தால் கதவு திறக்கும் சத்தத்துக்குக் காது கொடுப்பார். மூச்சு கேட்கிறது. இன்னும் கேட்கிறது.

ஓடட்டும்.