ஏ.சி. ரூமில் ஒரு வரப்பு

6.2.2006, திங்கள்

காலையில் பனி. எதிரே வருகிற ஆள் தெரியவில்லை, பீடி நெருப்பு மட்டும் தெரிந்தது. உப்பளத்தில் பாத்தி மிதிப்பு பாதி பாக்கி. கால் வெடிப்பில் உப்புத் தண்ணி பட்டு எரிச்சல்.

இது உரக்கடையில் கொடுத்த போன வருஷ டைரி. கிழமை பொருந்தாது, அடித்து எழுதுகிறேன். "எழுதி யாரு படிக்கப் போறா?" என்று பெண்டாட்டி மல்லிகா கேட்டாள். நான்தான். பத்தாவது பெயிலானவன் எழுதியதைப் பத்தாவது பெயிலானவனே படித்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நாளைக்கு மகள் கலாவோடு மெட்ராஸ். அங்கே ஒரு யுனிவர்சிட்டியில் காலில் மாட்டுகிற மெஷின் செய்கிறார்களாம். போலியோ வந்த காலை அதுவே மடக்கி நீட்டுமாம். கலாவின் காலுக்கு இரும்புக் காலிப்பர் போட்ட டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். மூன்று பேரைப் பார்த்து ஒருத்தரை எடுப்பார்கள். பதினஞ்சு வயசு, வலது கால், முழங்கால் மடங்கணும். எல்லாம் கலாவுக்குப் பொருந்துகிறது. என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை.

எடுத்துப்போக: புளிச்சோறு, தண்ணி, காலிப்பர் ஸ்க்ரூ முடுக்க ஸ்பேனர், நல்ல சட்டை (பட்டன் இல்லை. ம.விடம் சொல்லணும்). இனி மல்லிகா என்றால் ம. மை மிச்சம்.

7.2, செவ்வாய்

முதல் பஸ். கலா ஜன்னல் ஓரம், காலை நீட்டி. எனக்குத் தூக்கம்.

லேபுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று நானாகவே நினைத்து வெளியே கழற்றிவிட்டேன். உள்ளே எல்லாரும் ஷூவோடு.

மூன்று ரூம். முதல் ரூம் பட்டறை. லேத், ஈயம் பற்றவைக்கிற வாசனை, அலுமினியப் பட்டைகள். சுவர் அலமாரி பூராவும் மாவுக்கட்டுக் கால்கள். இதற்கு முன் வந்தவர்களின் கால் அளவாம், ஒவ்வொன்றிலும் நீல மையில் பேர். ஆள் இல்லாமல் கால் மட்டும் ரேஷன் கடை க்யூவில் நிற்கிற மாதிரி. இரண்டாவது ரூம் கம்ப்யூட்டர், வயர். நடுவில் ஒரு துணிக்கடைப் பொம்மை, இடுப்புக்குக் கீழே மெஷின் மாட்டி. வணக்கம் சொல்லப் பார்த்தேன்.

மூன்றாவது நீள ஹால், ஏ.சி. கூரையில் தண்டவாளம், அதிலிருந்து தொங்குகிற பெல்ட். விழுகிறவர்களைப் பிடித்துக்கொள்ள. சுற்றிலும் கேமரா. தரையோடு தரையாக ஒரு இரும்புப் பலகை பதித்து, சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. அதில் கால் வைத்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று கம்ப்யூட்டரில் கோடு ஓடும்.

அங்கே பொறுப்பு சுதா மேடம். பெரிய படிப்பு, சின்ன வயசு. மெஷின், கூட இருக்கிற மூர்த்தியின் கைவேலை. மூர்த்தி கலாவின் காலில் பளபளவென்று குண்டுமணி சைஸ் உருண்டைகளை ஒட்டினார். கலா காலிப்பரோடு நடந்தாள். டக் டக் என்று நேராகப் போய்ப் பலகை நடுவில் வைத்தாள். "சூப்பர்" என்றார் மேடம்.

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க நல்லா நடக்கிற ஆள் ஒருத்தர் வேணுமாம். வேட்டியை மடித்துக் கட்டி உருண்டை ஒட்டிக்கொண்டு நடந்தேன். கோடு ஓடவில்லை. மறுபடி. ஓடவில்லை. வயரைப் பிடுங்கி மாட்டினார்கள். ஓடவில்லை. கடைசியில் கேமராவில் ஓட்டிப் பார்த்தால் நான் பலகையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மஞ்சள் டேப் மேலேயே கால் வைத்துத் தாண்டியிருக்கிறேன்.

"ஐயா, பலகைய மிதிங்க."

"மிதிச்சேனே மேடம்."

மறுபடி நடந்தேன். மறுபடி டேப் மேல். கலா வாயைப் பொத்திக்கொண்டாள். மூர்த்தியை நடக்கவிட்டு வேலையை முடித்தார்கள். நல்லா நடக்கிற ஆள் பரீட்சையிலும் பெயில்.

திரும்பும்போது பஸ்ஸில் கலா:

"பா, மிதிச்சு இறுக்கின பாத்தியில கால் வைப்பியா நீ?"

"எவன் வைப்பான்? மேஸ்திரி கொன்னுடுவாரு."

"அந்த மஞ்சக் கோடு வரப்பு. நடுவுல இருந்தது பாத்தி."

திண்டிவனம் ரோடு பிரிகிற வரைக்கும் சிரித்தோம்.

8.2, புதன்

பாத்தி மிதிப்பு. என் காலை நானே கவனித்து நடந்ததில் வாய்க்காலில் விழப் பார்த்தேன். நாற்பது வருஷமாக யோசிக்காமல் நடந்த கால்.

கலா மட்டும் எப்படி நேராக மிதித்தாள் என்று யோசனை. அவளுக்கு அந்தப் பழக்கம் வர வழி ஏது? வரப்பு ஒரு அடி அகலம், ஈரக் களி. காலிப்பர் பூட்ஸ் இறங்கினால் வராது. சாப்பாட்டுத் தூக்கை ரோட்டில் நின்றே நீட்டுவாள், நான் போய் வாங்கிக்கொள்வேன். அளத்தை அவள் பார்ப்பதெல்லாம் ரோட்டிலிருந்துதான்.

ம.வுக்குச் சளி. கஷாயம்.

14.2, செவ்வாய்

இன்று மெஷினை மாட்டினார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை. ஒட்டுப் பட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் துணி கிழிகிற சத்தம். முழங்கால் பக்கத்தில் மோட்டார், மிக்ஸியை விடச் சின்னது. முதுகுப்பக்கம் வயர், சுவர் வரைக்கும். எருமையைக் கட்டிப்போட்ட மாதிரி என்று நினைத்தேன், சொல்லவில்லை.

என் கையில் ஒரு சிவப்பு பட்டன் கொடுத்தார் மேடம். "விழற மாதிரி இருந்தா அமுக்குங்க, மெஷின் நின்னுடும்." சின்ன வயசிலிருந்தே இப்படி ஒரு பட்டனுக்கு ஆசை. கலா ஒரு அடி வைத்தாள், ஆடினாள், அமுக்கினேன். இன்னொரு அடி, அமுக்கினேன். மூன்றாவதில் அவள் ஆடவே இல்லை, ஆனாலும் அமுக்கினேன்.

"பா, அத மூர்த்தி அண்ணன்கிட்ட குடுத்துரு."

கொடுத்தேன். அப்புறம் நடந்தாள். வலது முழங்கால் தானாக மடங்கி, நீண்டு. பதினஞ்சு வருஷத்தில் அந்தக் கால் மடங்கி நடந்து நான் பார்த்ததில்லை. துண்டால் மூக்கைத் துடைத்தேன். ஏ.சி. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

ஹால் கடைசிவரை போய்த் திரும்பியதும் கலா கேட்டாள்: "மேடம், இது வரப்புல நடக்குமா?"

வரப்பு என்றால் என்ன என்று மேடம் கேட்க, இவள் சொன்னாள். மேடம் பொய் சொல்லவில்லை. "இல்லம்மா. இப்ப இந்த ஹாலுக்குள்ள மட்டும்தான். சமமான தரையில."

"அப்ப எனக்கு எதுக்கு மேடம்? எங்க ஊர்ல சமமான தரையே கெடையாது."

எனக்கு உயிர் போய்விட்டது. இன்னும் இரண்டு பேர் க்யூவில் இருக்கிறார்கள். யாராவது இப்படி வாயை விடுவார்களா? மேடம் நோட்டில் ஏதோ எழுதினார். வெள்ளிக்கிழமை போன் செய்து முடிவு சொல்கிறோம் என்று மட்டும்.

பஸ்ஸில் நான் ஒரு ஜன்னலைப் பார்த்தேன். அவள் இன்னொன்றை.

15.2, புதன்

ம.விடம் சொன்னேன். "அவ கேட்டதுல என்ன தப்பு?" என்றாள். "உன் பொண்ணாச்சே, அதான்" என்றேன். "ஆமா, உன் வாய்தான்" என்றாள். இரண்டு பக்கமும் நான்தான் தோற்றேன்.

17.2, வெள்ளி

வெயில். வேலைக்குப் போகவில்லை, மளிகைக்கடை போன் பக்கத்திலேயே. கடைக்காரர்: "எண்ணெ வாங்கறியா, எடத்த விடறியா?" எண்ணெய் வாங்கினேன்.

மதியம் போன். மேடம். என் காதில் பாதிதான் ஏறியது.

"ஐயா, அந்த வரப்பு மண்ணு கொஞ்சம் கொண்டு வர முடியுமா?"

"கலாவை எடுத்துட்டீங்களா மேடம்?"

"அது செவ்வாய்க்கிழமை பாத்துதான். மெஷின் மண்ணுல எப்படி நிக்குதுன்னு தெரியணும். மூர்த்தி பெட்டி செய்யறாரு, மேல பூசற அளவுக்கு மண்ணு போதும்."

இரண்டு அரை மூட்டை. மேஸ்திரியிடம் கேட்டால், "மண்ணையும் திங்க ஆரம்பிச்சுட்டானுங்களா மெட்ராஸ்ல" என்றார். எடுத்துக்கோ என்று அர்த்தம்.

21.2, செவ்வாய்

கண்டக்டர்: "ஏம்பா, மூட்டையில என்ன?"

"மண்ணுங்க."

"மெட்ராஸ்ல மண்ணு இல்லியா?"

"இந்த மண்ணு இல்லீங்க."

லக்கேஜ் டிக்கெட் போட்டான். பின் சீட்டு ஆள் வாஸ்து மண்ணா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். முகவரி கேட்டார். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

ஹாலில் இரும்புப் பலகைக்குப் பக்கத்தில் நீளப் பெட்டி, ஒரு அடி அகலம். தண்ணி தெளித்துக் களி பூசினேன். ஏ.சி.யில் உட்கார்ந்து வரப்பு போட்ட ஆள் எங்கள் ஊரில் நான் ஒருத்தன்தான். மூர்த்தி ஒரு மூலையைப் பூசினார், மோசமில்லை. ஹால் பூரா அளத்து வாடை.

கலாவைப் பெல்ட்டில் மாட்டி ஏற்றினார்கள். பட்டன் மறுபடி என் கையில். "நீங்களே வெச்சுக்கங்க அண்ணா, இன்னைக்கு அமுக்க மாட்டீங்க" என்றார் மூர்த்தி. கலா என்னை முறைத்தாள்.

ஒரு அடி. பாதம் களியில் இறங்கியது, மோட்டார் உறுமியது, பாதம் வெளியே வந்தது. வந்தது. இரண்டாவது அடி. இறங்கியது, வந்தது. மூன்றாவது அடியில் ஓரம் உடைந்து சரிந்தது. கலா பெல்ட்டில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றாள்.

உடைந்த வரப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியாது. எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. குனிந்து களியை அள்ளி வைத்து, குதிகாலால் இறுக்கிக்கொண்டிருக்கிறேன். பட்டன் எங்கேயோ தரையில், அமுக்காமல்.

மூர்த்தி கம்ப்யூட்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணா, கோடு ஓடுது. இப்பதான் பலகைய மிதிச்சிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். இடது கால் இரும்புப் பலகை நடுவில், களியோடு.

மேடம் பலகையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூர்த்தி, இந்தப் பெட்டி பத்தாது. அடுத்த வாரம் கலாவுக்கு இதவிட நீளமா ஒண்ணு வேணும்."

அடுத்த வாரம். கலாவை எடுத்துவிட்டார்கள் என்று உறைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

"பா," என்றாள் கலா மேலேயிருந்து. "நவுருப்பா. நான் போணும்."