நாற்பத்தேழாம் எண் தீர்மானம்

கழிமுனை,
எண்ணூர் வழி.
11.12.2005

மாசானம் அவர்களுக்கு ராமசெல்வி எழுதுவது.

நீங்கள் போட்ட இன்லண்டு கடிதம் வியாழக்கிழமை வந்தது. ‘என் அன்பு மனைவிக்கு’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்கு அடுத்த வரியிலேயே, விசாரணைக்கு வருகிற அதிகாரியிடம் அதிகம் பேசாதே, நாற்பத்தேழாம் எண் தீர்மானத்தில் இருப்பது உன் கையெழுத்துதான் என்று மட்டும் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பு எதற்காக வந்தது என்று புரிந்துகொண்டேன்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் எடுத்து வருகிறேன் என்று கிளம்பிப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வத்தலும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. உங்கள் அக்காள் வீட்டில் நலமாகத்தான் இருப்பீர்கள். அங்கே தரை காய்ந்திருக்கும். இங்கே வெள்ளத்தில் நம் மளிகைக் கடைக்குள் அடித்தட்டில் கிடந்த துவரம்பருப்பு மூட்டைகள் ஊறி, முளைவிட்டு, நாறிப்போயின. நானும் ஆவுடையும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் அள்ளிக் கொட்டினோம். அப்பா எப்போது வருவார் என்று அவள் முதல் வாரம் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை, பேப்பர் படிக்கிறாள்.

வேம்பு செத்தது உங்களுக்குத் தெரியும். சாவுக்கு மாலை கொடுத்தனுப்பினீர்கள். எப்படிச் செத்தான் என்று மட்டும் நீங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை. நான் எழுதுகிறேன், படியுங்கள்.

அக்டோபர் கடைசியில் மழை கொட்டிய அந்தக் காலை, பள்ளத்தெருவில் தொடை அளவு தண்ணீர். அவன் பேரூராட்சியின் துப்புரவுத் தொழிலாளி, தலைவர் நான் என்பதால் என்ன செய்வது என்று கேட்டு நம் வாசலுக்கு வந்தான். தலைமேல் உரச்சாக்கைக் கவிழ்த்திருந்தான். சிறுபாலத்துக் குழாய் வாயில் குப்பை அடைத்திருக்கும், அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓடையில் போய்விழும் என்று நான்தான் சொன்னேன். அவன் தயங்கினான். “அந்தாண்ட ஓடை இன்னும் கீதாம்மா? லாரி லாரியா மண்ணு கொட்டிகினு இருந்தாங்களே” என்றான். “இருக்குப்பா, நீ போ” என்றேன். நான் அந்தப் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தலைவர் சொன்னதை நம்பி அவன் போனான். குப்பையை இழுத்ததும் தண்ணீர் அவனையும் சேர்த்துக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டது. மறுபக்கம் ஓடை இருந்திருந்தால் இருபதடியில் வெளியே வந்து விழுந்திருப்பான், கையோ காலோ ஒடிந்திருக்கும். மறுபக்கம் கன்டெய்னர் யார்டின் மண்மேடு. மதியம் மூன்று மணிக்கு யார்டின் சுவரை உடைத்து, மண்ணைத் தோண்டி, அவனை எடுத்தார்கள்.

ஓடை இல்லை என்பது தலைவருக்குத் தெரியாது. தலைவரின் கணவருக்குத் தெரியும்.

காரியத்துக்கு மறுநாள் அவன் பெண்சாதி மலர்க்கொடியைப் பார்க்கப் போனேன். வியாசர்பாடியிலிருந்து அவளுடைய சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஓடையை மூடியது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் அழவில்லை. “தெர்லியா? நீதானேம்மா தலைவரு? ஊர்ல ஒரு ஓடைய காணோம், அது ஒனக்குத் தெர்லன்னா, அந்த நாற்காலில இன்னாத்துக்குக் குந்திகினு கீற?” என்றாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே எத்தனை நாள் ஆயிற்று? உட்கார்ந்தவர் நீங்கள் அல்லவா?

அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போய் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். செயல் அலுவலர் எழுந்து நின்று, “அதெல்லாம் சாரே பாத்துக்குவாருங்களே மேடம்” என்றார். சார் என்றால் நீங்கள். சம்பளம் வாங்குகிற அதிகாரி, ஓட்டு வாங்கியவளிடம் சொல்கிற பதில் அது. புத்தகம் வரும்வரை நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது.

எண் நாற்பத்தேழு. மார்ச் பதினான்கு. ஊருக்குத் தெற்கே உள்ள சதுப்பான கழிவெளியிலும் ஓடையிலும் மண் நிரப்ப ஆட்சேபணை இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே தலைவர் ராமசெல்வி என்று கையெழுத்து. மார்ச் பதினான்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆவுடைக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே இருந்தேன். சாயங்காலம் நீங்கள் இட்லி வாங்கி வந்தீர்கள். இன்றைக்குக் கூட்டம் இருந்ததே என்று கேட்டேன். தள்ளிவைத்தாச்சு, நீ பிள்ளையைக் கவனி என்றீர்கள். உங்களுக்கு எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதமே யார்டு கேன்டீனுக்கு அரிசி பருப்பு சப்ளை நமக்குக் கிடைத்தது. அதையும் உங்கள் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

நான் ஒன்றும் யோக்கியம் என்று எழுத வரவில்லை. அடுப்படியில் நிற்கும்போது வெற்றுத்தாளை நீட்டுவீர்கள், ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுப்பேன். வசதியாகத்தான் இருந்தது. அதனால்தான், நான் இல்லாத நாளிலும் நீங்களே போட்டுக்கொள்ளத் துணிந்தீர்கள்.

ஆனால் ஒருமுறை நான் தலைவராக இருக்க ஆசைப்பட்டேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டாயிரத்து மூன்றில் பெண் தலைவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. ஞானசெல்வி என்றொரு பொறியாளர் அம்மா வகுப்பெடுத்தார். உலகம் சூடாகிக்கொண்டே போகிறது, கடல் மெல்ல ஏறும், ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டும், முதலில் முங்குவது உங்களைப்போல் கழிமுகத்து ஊர்கள்தான் என்றார். நாங்கள் என்ன செய்ய முடியும், இதெல்லாம் டெல்லியில் பேசுவது இல்லையா என்று நான் எழுந்து கேட்டேன். அவர் எங்கள் சட்டப் புத்தகத்தையே எடுத்து விரித்தார். கட்டட அனுமதி யார் கொடுப்பது? நீங்கள். வடிகால் யாருடையது? உங்களுடையது. பள்ளத்தில் மண் போட ஆட்சேபணை இல்லை என்று யார் எழுதுவது? அதுவும் நீங்கள். பிறகு எதற்கு டெல்லியைப் பார்க்கிறீர்கள் என்றார்.

ஊர் திரும்பி நோட்டில் துணைவிதிகள் எழுதினேன். ஓடையிலும் கழிவெளியிலும் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. புதிதாகக் கட்டுகிற வீட்டின் தரை தெருவைவிட மூன்றடி உயரம் இருக்க வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் எல்லாச் சிறுபாலங்களையும் தூர் எடுத்து, எடுத்ததைத் தலைவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இப்படிச் சில. கூட்டத்தில் வையுங்கள் என்று உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் கடையில் சரக்கு வாங்க வந்தவர்கள் முன்னால் உரக்கப் படித்தீர்கள். “எங்க வீட்டுக்காரி கடலுக்கே சட்டம் போடுதா வே” என்று சொல்லிச் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்து யாருக்கோ சீரகம் மடித்துக் கொடுத்தீர்கள்.

அந்தத் தாள் போனால் என்ன, எழுதியது எனக்கு மறக்கவில்லை. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி அவசரக் கூட்டம் கூட்டினேன். தீர்மானத்தை ரத்துச் செய்யப் பதினைந்து உறுப்பினரில் எட்டுப் பேர் வேண்டும். செயல் அலுவலர், இது நமக்கு அதிகாரம் இல்லாத விஷயம், மேலிடத்து அனுமதி என்றார். நம் அனுமதி தேவையில்லை என்றால் யார்டுக்காரன் எதற்காக நம் படியேறி வந்தான் என்று கேட்டேன். குனிந்து ஃபைலைப் புரட்டினார். உங்கள் சிநேகிதர் ஜாபர், மூன்றாவது வார்டு, எழுந்து, “உலகமே சூடாவுதாம். நாம கழிமுனைல தீர்மானம் போட்டா குளுந்துடுமா?” என்றார். சபையில் ஒரே சிரிப்பு. இந்தமுறை நான் சிரிக்கவில்லை. “உலகத்தைக் குளிர வைக்க நம்மால ஆவாது. வர்ற தண்ணிக்கு வழிவிட நம்மால ஆவும். வழிய அடைச்சதும் நாமதான், இதே புத்தகத்துலதான்” என்றேன்.

ஏழு கைகள் உயர்ந்தன. எட்டாவது வரவில்லை. ஒன்பதாவது வார்டு பதுருன்னிசா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் புருஷன் தாவூது நின்றுகொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தான். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மாசானம் இருக்கிறான். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து கையைத் தூக்கினாள். நாற்பத்தேழு ரத்தாயிற்று. துணைவிதிகளையும் நிறைவேற்றி அரசின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டோம். யார்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், போகட்டும். இப்போதைக்கு மண்மேட்டில் பத்தடி அகலத்துக்கு வெட்டிவிட்டிருக்கிறோம். இந்த மாதம் முதல் வாரம் திரும்பக் கொட்டியபோது பள்ளத்தெருவில் கணுக்கால் அளவுதான் நின்றது.

நீங்கள் கேட்ட பொய்யை இனிச் சொல்ல முடியாது. போன திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல, என் கணவர் போட்டது. மூன்று வருஷம் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தது நான். வேம்புவை அனுப்பியதும் நான். என் பதவியும் போகலாம் என்று வக்கீல் சொன்னார். உங்களுக்குச் சிறை என்றும் சொன்னார். இதைப் படித்ததும் உங்கள் அக்காள் என்னைத் திட்டுவார்கள். நன்றாகத் திட்டட்டும்.

ஒன்றை மட்டும் கலெக்டர் ஆபீசில் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

வேம்பு நம் வாசலில் நின்று, அந்தாண்ட ஓடை இருக்கிறதா என்று கேட்டபோது நீங்கள் நாலடி தள்ளி நின்றீர்கள். சர்க்கரை மூட்டையைத் தோளில் தூக்கி மாடிப்படியில் கால் வைத்திருந்தீர்கள். அவன் கேட்டது உங்கள் காதில் விழுந்தது. எப்படித் தெரியும் என்றால், நீங்கள் நின்றீர்கள். நான் “இருக்குப்பா, நீ போ” என்று சொன்ன பிறகும் நின்றீர்கள். அப்புறம் மூட்டையோடு மேலே ஏறிப் போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை போதும். “போகாதே” என்று சொல்லியிருந்தால் போதும். யார்டு விஷயம் எனக்குத் தெரிந்துவிடும் என்றா பயந்தீர்கள்? என்னிடமா?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இது நீங்கள் சொல்ல வேண்டியது.

வருகிற பத்தொன்பதாம் தேதி திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணை. ஞாயிறே வந்துவிடுங்கள். வீட்டுக்கு வர வேண்டாம். முதலில் மலர்க்கொடி வீட்டுக்குப் போங்கள். அவள் உட்காரச் சொல்லமாட்டாள், நின்றுகொண்டே சொல்லுங்கள். என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறைக்குப் போனால் வாரம் தவறாமல் மனுப் போட்டு வந்து பார்ப்பேன், ஆவுடையையும் அழைத்து வருவேன். வராமல் போனால் இதுதான் நான் உங்களுக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கூட்டமாக இருக்கும். இப்போதே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ராமசெல்வி