பசறை ரோட்டில் ஓடுகிறவன்

கோத்தகிரி
12.5.1975

அன்புத் தம்பி முருகையாவுக்கு அக்கா பெரியாயி எழுதுவது.

மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மகள் அங்கம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறேன்.

போன வாரம் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த குடும்பங்களில் நம் தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் உன்னைப் பற்றித்தான் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "ஒங்க தம்பி தினமும் வெடியக்காலையில ரோட்டுல ஓடுறாருக்கா. அரைக்காச்சட்டையோட. பசறை வரைக்கும் ஓடிட்டு வந்துதான் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறாரு. சம்சாரம் ராசம்மா செத்துப்போனதுல இருந்து இப்படித்தான்."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வயதில் எதற்கு இந்த ஓட்டம்? உன்னை யாராவது துரத்துகிறார்களா? இல்லை, நீதான் யாரையாவது துரத்துகிறாயா? மறைக்காமல் எழுது. இந்தியப் பாஸ்போர்ட் விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்றும் எழுது. நாங்கள் வந்து நாலு வருஷம் ஆகிறது. உடன்பிறந்தவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்று இன்னும் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்?

ஆசீர்வாதத்துடன்,
அக்கா பெரியாயி

*

பசறை
6.7.1975

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் அங்கம்மாவும் சுகம். மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது?

அவர்கள் சொன்னது உண்மைதான். ஓடுகிறேன். மூளை கலங்கவில்லை, பயப்படாதே.

ராசம்மா போனதை உனக்கு நாலு வரியில்தான் எழுதினேன். அன்றைக்கு அதற்கு மேல் எழுத முடியவில்லை. அரிசி இல்லாத வருஷம் அது. மரவள்ளியும் கீரையும் தின்று, கிடைக்கிற மாவை எனக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டு, அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அங்கம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பசறைக்கு ஓடினேன். கடை வைத்திருக்கும் தாஸிம் நானா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் காரையே எடுத்துக்கொண்டு வந்தார்.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். "ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்று கேட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். சில நாளில் முடிந்துவிட்டது.

அக்கா, அன்று நான் ஓடியபோது எனக்குள் அழுகையே இல்லை. கார் கிடைத்தால் பிழைத்துவிடுவாள் என்ற ஒரே நினைப்புத்தான். இப்போது அதே ரோட்டில் ஓடும்போது அந்த நினைப்பு திரும்பி வருகிறது. ரோடு முடிகிற வரைக்கும் அவள் எங்கள் வீட்டுக் காம்பராவில் படுத்துக் காருக்குக் காத்திருக்கிறாள். நான் நின்றால்தான் செத்துப்போகிறாள்.

ஒட்டி ஒட்டி வீடு இருக்கிற இந்த லயத்தில் இதை யாரிடம் சொல்ல முடியும்? உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
முருகையா

*

கோத்தகிரி
20.8.1975

தம்பி முருகையாவுக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் கூடப் படித்துக் காட்டவில்லை. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்னோடு சண்டை போட்டது நினைவிருக்கிறதா? குடத்தை வைத்துவிட்டு, "ஒங்க தம்பிக்குச் சோறு போடுறது இனிமே நான். நீங்க இல்ல" என்றாளே. சொன்னபடியே கடைசி வரை செய்திருக்கிறாள். பாவி, தனக்கென்று ஒரு வாய் எடுத்து வைத்திருக்கக் கூடாதா?

ஓடு. நான் தடுக்கவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் ஓடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். அங்கம்மா எழுந்து பார்க்கும்போது அப்பா இல்லாத வீடாக இருக்கக் கூடாது. அவளிடம் சொல்லிவிட்டுப் போ.

அவளுக்கு இடம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளையாக வருகிற அழகர் நல்ல பையன். ஆனால் அவர்கள் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருக்கிறதே. நீ இங்கே வந்தாலும் அவள் அங்கே நின்றுவிடுவாள். அதை யோசித்தாயா?

அக்கா

*

பசறை
25.4.1976

அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் இரண்டு செய்தி. முதலில் சந்தோஷமானது.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் பசறையிலிருந்து பதுளைக்கு மரதன் ஓட்டம் வைத்தார்கள். தையில் அங்கம்மா கல்யாணம் முடிந்ததிலிருந்து மாப்பிள்ளை அழகர் என்னை விடவில்லை. "மாமா, சும்மாதானே ஓடுறீங்க, பேரக் குடுத்துட்டு ஓடுங்க" என்று அவனே கூட்டிக்கொண்டு போனான். பேர் எழுதுகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, ஓடுறது ஒங்க மகனா?" என்றார். "இல்லீங்க, நான்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். ஒருவரும் கெட்ட மனதோடு சிரிக்கவில்லை.

சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடுதான் ஓடினேன். விசில் அடித்ததும் பொடியன்கள் எல்லாம் பறந்துவிட்டார்கள். நான் என் போக்கில் போனேன். மேடு ஏறும்போது பாதிப் பேர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தார்கள். நான் நடக்கவில்லை. ரோட்டோரத்தில் சிங்களத்து அம்மா ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் தலையிலும் ஊற்றிவிட்டார்.

பசறையைத் தாண்டி நான் அதுவரை ஓடினதில்லை. அது, காரில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போன ரோடு. பதுளைக்கு இறங்குகிற வளைவில் ஆஸ்பத்திரிப் பக்கம் கண்ணில் பட்டது. அவள் இனிக் காருக்குக் காத்திருக்கவில்லை என்று அந்த இடத்தில் தெரிந்துபோயிற்று. உட்கார்ந்துவிட்டேன் அக்கா. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அவளை எடுத்த அன்றைக்குக் கூட அழாத அழுகை அழுதேன். ஓடி வந்த பொலிஸ்காரப் பையன் நின்று, "மாமா, கால் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அப்புறமும் ஓடினேன். மைதானத்துக்குள் நுழையும்போது பரிசெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவனுக்குத் தட்டிய கையை விட எனக்குத் தட்டினது அதிகம் என்று அழகர் சொல்கிறான். மாப்பிள்ளை பேச்சை அப்படியே நம்ப முடியாது. அங்கம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் அம்மா மாதிரியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஓடியவர்களில் வயதில் மூத்தவன் என்று ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். சாயங்காலம் லயத்தில் தப்படித்து, கோழி அடித்து, பெரிய கலாட்டா. ராசம்மா போன பிறகு என் காம்பராவில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது செய்தி, பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆவணிக்குள் புறப்பட வேண்டும்.

உன் தம்பி,
முருகையா

*

கோத்தகிரி
3.6.1976

என் ராசாவுக்கு,

எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கேயிருந்து வந்த நம் சனத்தையெல்லாம் வாசலில் உட்கார வைத்து, நீ ஓடிய கதையை மட்டும் படித்தேன். அழுததை விட்டுவிட்டேன். ஒரு வரி படிக்க விடவில்லை. "எந்த மேடு? பஸ்சே மூச்சு வாங்குமே, அந்த மேடா?" என்று மாமா. "அதுக்கு முன்னாடி ஒரு பாலம் வருமே, அதச் சொல்லலியே" என்று இன்னொருவர். பாலத்துக்கு முன்னால் பலாமரமா, கடையா என்று இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. நீ ஒரு தரம்தான் ஓடினாய். இங்கே அந்த ரோட்டை ஆளுக்கொரு தரம் ஓடி முடித்தார்கள். நான் பாயசம் வைத்துக் கொடுத்தேன். கோவிலில் உன் பேருக்குத் தேங்காய் உடைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் உனக்கென்று ஒரு அறை எழுப்புகிறோம். மண் சுவர்தான். நானே மிதித்துக் குழைத்த மண். கூரைக்குத் தகரம் மாமா பார்த்து வைத்திருக்கிறார். இங்கேயும் மலை, இங்கேயும் தேயிலை, இங்கேயும் ரோடு. எவ்வளவு வேண்டுமானாலும் ஓடு.

எந்தக் கப்பல் என்று மட்டும் எழுது. ராமேஸ்வரத்துக்கே வந்து நிற்கிறேன்.

அக்கா

*

பசறை
29.8.1976

அன்பான அக்காவுக்கு,

இதை எழுத நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான் வரவில்லை.

கப்பலடிக்குப் போகிற ரயில் கோச்சிக்கு நாள் குறித்துவிட்டார்கள். பெட்டி கட்டினேன். அங்கம்மா மசக்கையாக இருக்கிறாள். "எனக்காக நிக்காதீங்கப்பா. அத்தை காத்துக்கிட்டு இருக்கும். போங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊதுகுழலை எடுத்தவள் ஊதவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கிற்று. நான் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

குறித்த நாள் போய்விட்டது. தோட்டத்து வேலைப் பேரேட்டில் என் பேரை வெட்டிவிட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட், இருப்பது இங்கே; இப்போது நான் எந்தத் தேசத்து ஆளும் இல்லாத மாதிரிதான். அழகர் காம்பராவில் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். பகலில் பசறையில் தாஸிம் நானா கடையில் மூட்டை இறக்குகிறேன். "முருகையா, ஒனக்கு ஓடுற காலுதான் இருக்குன்னு நெனச்சேன். போற காலு இல்லியே" என்கிறார்.

நீ மண் மிதித்த அறையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டு அக்கா. ஆனால் எழுது.

முருகையா

*

பசறை
16.1.1977

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தீபாவளிக்கு ஒன்று எழுதினேன், அதுவும் கிடைத்ததா தெரியவில்லை.

அங்கம்மாவுக்குப் பொங்கலுக்கு முந்தின நாள் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். கண் உன்னுடையது என்று இங்கே பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சித்திரையில் மறுபடியும் மரதன் வைக்கிறார்கள். பேர் கொடுத்திருக்கிறேன். மாமாவாவது இரண்டு வரி எழுதக் கூடாதா?

முருகையா

*

கோத்தகிரி
30.8.1977

முருகையா,

ரேடியோவில் சொன்னார்கள். அங்கே கலவரம், தோட்டத்துக்குள்ளேயும் புகுந்துவிட்டார்கள் என்று. நேற்று மண்டபம் முகாமிலிருந்து வந்த ஒருவர் சொன்னதை நான் திருப்பி எழுத மாட்டேன்.

உன் மூன்று கடிதமும் வந்தது. எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. பதில் எழுத உட்கார்ந்தால் பின்பக்கத்து அறை கண்ணில் படும். பேனாவை வைத்துவிடுவேன். அக்காவை விட மகள் பெரிது என்று நீ எழுதியிருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். நீ அதை எழுதவில்லை. அது உண்மை என்பதால்தான் எனக்குக் கோபம். நானாக இருந்தாலும் மகளை விட்டுப் போயிருக்க மாட்டேன். அதனால் என் மேலேயே வருகிற கோபம் வேறு.

சித்திரையில் நீ ஓடியிருப்பாய் என்று கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கேள். எவனாவது வந்தால் சாமானைப் பார்க்காதே, சண்டைக்கு நிற்காதே, ஓடு. உனக்குத்தான் அந்தக் கால் இருக்கிறதே. உயிரோடு இருக்கிறாய் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. அதற்கு மேல் உன்னிடம் நான் எதையும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா

*

பசறை
2.10.1977

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் தாஸிம் நானா கடைக்கு வந்திருந்தது. கடையிலேயே நின்று படித்தேன். "யாருட கடிதம்?" என்று கேட்டார். "எங்க அக்கா." "என்னவாம்?" "ஓடச் சொல்லுது நானா." அவர் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் ஓடவில்லை அக்கா.

பட்டப்பகலில்தான் வந்தார்கள். எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் புகை எழும்பினதும் கீழ்க் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் மூச்சிரைக்க வந்து, காட்டுப் பக்கம் போய்விடுங்கள் என்று எச்சரித்தார். எல்லாரும் கிளம்பினோம். லயத்துப் படியில் கால் பிசகிவிட்டதால் அங்கம்மாவால் வேகமாக நடக்க முடியவில்லை. அழகர் அவன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டான். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்குக் கால் துடித்தது. பிள்ளையோடு ஓடியிருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் காட்டுக்குள் போயிருப்பேன். அங்கம்மா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "நீங்க ஓடுங்கப்பா. அவனக் கொண்டுக்கிட்டு ஓடுங்க" என்றாள். நான் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டேன். அவள் நடந்த நடைதான் நான் நடந்தது. தேயிலைச் செடிக்கு நடுவில் குனிந்து குனிந்து, எல்லாருக்கும் கடைசியாகத்தான் போனேன். அவ்வளவு மெதுவாக என் ஆயுளில் நான் நடந்ததில்லை. பின்னால் லயம் வெடித்து எரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை ஒரு தரம் கூட அழவில்லை.

எங்கள் வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேல் டிவிசனில் அப்படி இல்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

லயம் போய்விட்டது. இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். தகரம் கொண்டு வந்து மறுபடி கட்டித் தருகிறார்களாம். சித்திரையில் ஓட்டம் வைப்பார்களா, வைத்தால் எங்கள் ஆட்கள் போவார்களா, தெரியாது. நீ கோபப்பட்டது சரி. இனிமேலும் கோபப்படு. ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே. மாதக்கணக்கில் தபால்காரன் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் வைத்து எழுதுகிறேன். அங்கம்மா பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்கிறாள்: "அத்தைக்கு என்னப்பா எழுதுறீங்க?"

"இருக்கோம்னு எழுதுறேன்."

"அவ்வளவுதானா?"

"அக்கா கேட்டது அவ்வளவுதாம்மா."

உன் தம்பி,
முருகையா